குடிக்காத பிள்ளைக்கும் கணையம் வீங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கணைய அழற்சிக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். பித்தப்பைக் கல்லும் குடியும்தான் பெரும்பாலும் காரணம் என்பது சரி. ஆனால் என் மகன் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. 19 வயதிலிருந்து நான்கு முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் முதல் கேள்வி, "எவ்வளவு குடிப்பாய்?" என்பதுதான். "அம்மாவுக்குத் தெரியாமல் குடிக்கிறான்" என்று வார்டில் ஒருவர் அவன் காதுபடச் சொன்னார். நானும் ஒருநாள் அவன் அலமாரியைத் துழாவினேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

நான்காம் முறை ரத்தம் எடுத்த நர்ஸ்தான் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு டாக்டரை அழைத்தார். தக்காளி சூப்பில் பாலை ஊற்றியது போல இருந்தது. டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் கொழுப்பு, லிட்டருக்கு 38 மில்லிமோல். அது 1.7 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். 10-ஐத் தாண்டினாலே கணையத்துக்கு ஆபத்தாம். சாப்பாட்டுக் கொழுப்பை ரத்தத்தில் உடைக்கும் நொதி அவனுக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. தாய், தகப்பன் இரு பக்கமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இப்படி ஆகும். நானும் வீட்டுக்காரரும் மாமன் மகள், அத்தை மகன்.

இது மிக அரிய நோய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிரைகிளிசரைடு பார்ப்பது சாதாரண ரத்தப் பரிசோதனைதானே? முதல் மூன்று முறையும் யாரும் அதைக் கேட்கவில்லை. அதையும் வந்த அன்றே எடுக்க வேண்டும். வாய்வழி ஒன்றும் கொடுக்காமல் ட்ரிப்பில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் எண் வெகுவாக இறங்கிவிடும், காரணமும் மறைந்துவிடும்.

இப்போது அவனுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 15 முதல் 20 கிராம் கொழுப்புதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 14 கிராம் இருக்கிறது. காவடி முடிந்து அன்னதானத்தில் எல்லாரும் உட்காரும்போது அவன் வெறும் சோறும் தாளிக்காத ரசமும் சாப்பிடுகிறான். "சாமி பிரசாதம், ஒன்றும் செய்யாது" என்று நெய்ச் சர்க்கரைப் பொங்கலை வற்புறுத்தி வைக்கும் அக்காமார்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வைக்காதீர்கள்.

கூடப் பிறந்தவர்களுக்கும் இந்த நோய் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கர்ப்ப காலத்தில் இந்த எண் இன்னும் ஏறும் என்கிறார் டாக்டர். மகளுக்கு வருகிற தையில் கல்யாணம். அடுத்த வாரம் அவளை ரத்தம் கொடுக்க அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
சாட்ஸ்வர்த், டர்பன்