இரண்டே கட்டுரை எழுதிய பெண்ணுக்கு என்ன மதிப்பெண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரு எப்படி உடம்பாக வளர்கிறது என்று ஆராயும் வளர்ச்சி உயிரியல் விஞ்ஞானி ஒருவரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவர் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினார், மற்றவர்கள் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள், மேற்கோள்களை வைத்து ஆளுக்குப் போடும் மதிப்பெண்ணான அவருடைய எச்-இண்டெக்ஸ் எவ்வளவு, அதேபோல் இதழுக்குப் போடும் மதிப்பெண்ணான இம்பாக்ட் ஃபேக்டர் அவர் கட்டுரைகள் வந்த இதழ்களுக்கு எவ்வளவு என்று எல்லாம் இருந்தது. அவர் எந்தப் பிராணியின் கருவைப் பார்த்தார், அதில் என்ன கண்டார் என்பது மட்டும் இல்லை. 32 வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஹில்டே மங்கோல்ட் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கோத்தா என்ற ஊரில் 1898-ல் பிறந்தவர். ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்பெமானிடம் முனைவர் பட்ட மாணவி. எடுத்துக்கொண்ட பிராணி நியூட். பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்கு உறவு. அதன் கரு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. அந்த உருண்டையில் ஒரு கட்டத்தில் செல்கள் உள்ளே மடங்கிப் போக ஆரம்பிக்கும். மடங்கும் இடத்தின் மேலுதட்டை வெட்டியெடுத்து, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் பதிய வைக்க வேண்டும். அதற்கு அவரிடம் இருந்த கருவிகள், இழுத்துக் கூராக்கிய கண்ணாடி ஊசியும், பச்சைக் குழந்தையின் தலைமுடியில் செய்த ஒரு சுருக்கும்தான்.

நியூட் முட்டையிடுவது வசந்த காலத்தில் மட்டும். அந்தச் சில வாரம் போனால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம், வெட்டிய கருக்களில் பெரும்பாலானவை கிருமி தாக்கியே செத்துப்போகும். 1921, 1922 வசந்தங்களில் அவர் செய்த சோதனைகளில், கட்டுரையில் விவரிக்கும் அளவுக்குப் பிழைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

பிழைத்தவற்றில் கண்டது என்ன? கருவின் வயிற்றில் இன்னொரு கரு! முதுகுத்தண்டின் அடிப்படை, நரம்புக் குழாய் எல்லாமாக, ஒட்டிப் பிறந்த இரட்டை போல. இதில்தான் அவருடைய சோதனையின் அழகு இருக்கிறது. வெட்டியெடுத்த துண்டு வெளிர் நிற இனத்துடையது, வாங்கிக்கொண்ட கரு கருநிற இனத்துடையது. ஆகவே இரண்டாவது கருவில் எந்தச் செல் யாருடையது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். அதன் நரம்புக் குழாயில் பெரும்பகுதி கருநிறம். அதாவது, வயிற்றுத் தோலாகப் போக வேண்டிய, அந்தக் கருநிறக் கருவின் சொந்தச் செல்களையே இந்தச் சின்னத் துண்டு நரம்பாக மாற்றியிருக்கிறது. அது தானே வளர்ந்து இன்னொரு உடம்பாகவில்லை. பக்கத்துச் செல்களை வேலை வாங்கியிருக்கிறது. ஸ்பெமான் இதற்கு ஒழுங்கமைப்பி என்று பெயர் வைத்தார்.

1924-ல் கட்டுரை வந்தது. அவருடைய ஆய்வேடுதான், ஆனால் முதல் பெயர் ஸ்பெமானுடையது. அதே வருடம் செப்டம்பரில், வீட்டில் அடுப்பு வெடித்துத் தீக்காயம் பட்டு ஹில்டே இறந்துபோனார். வயது 25. கைக்குழந்தை ஒன்று இருந்தது. 1935-ல் ஸ்பெமானுக்கு நோபல் பரிசு கிடைத்தது, இந்தக் கண்டுபிடிப்புக்காகவே. ஹில்டே விட்டுப்போன மீதிச் சோதனைகள் 1929-ல் இன்னொரு கட்டுரையாக வெளிவந்தன.

ஆக, மொத்தம் இரண்டு. எச்-இண்டெக்ஸ் என்பது, குறைந்தது அத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்கு எத்தனை இருக்கின்றன என்ற கணக்கு. பத்துக் கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் பத்து மேற்கோளாவது இருந்தால் பத்து. இந்தக் கணக்கில் ஹில்டே மங்கோல்டுக்கு உலகமே சேர்ந்து மேற்கோள் காட்டினாலும் இரண்டைத் தாண்டாது. இன்று நம்மூர்க் கல்லூரி எதிலாவது உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தால் அவருக்கு வேலை கொடுக்க மாட்டார்கள்.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. என்னிடம் படித்த ஒரு பெண் வரிக்குதிரை மீனின் துடுப்பு வெட்டுப்பட்டால் எப்படித் திரும்ப வளர்கிறது என்று ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட மீன் தொட்டிக்கு உணவு போடப் போய்விடுவாள். வந்தது இரண்டு கட்டுரை, இரண்டும் நல்ல கட்டுரை. ஒரு கல்லூரியின் தேர்வுக் குழுவில் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" சொன்னாள். அதற்கப்புறம் மீனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அந்தத் துடுப்புல முதல்ல என்ன முளைக்குதுன்னாவது கேட்டிருக்கலாமே மேடம்" என்று அழுதாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கருவியலில் விஷயங்கள் மெதுவாகத்தான் பழுக்கும். ஹில்டேயின் துண்டு எதைச் சுரந்து பக்கத்துச் செல்களை மாற்றியது என்ற கேள்வியோடு 1930-களில் எத்தனையோ பேர் மோதிப் பார்த்தார்கள். கொன்ற திசுவை வைத்தாலும் நரம்பு உண்டாகிறது என்று தெரிந்ததும் குழம்பிப்போய், பலர் அந்தக் கேள்வியையே கைவிட்டார்கள். 1990-களில்தான், தவளைக் கருவில், அந்தத் துண்டு சுரக்கும் நாகின், கார்டின் என்ற புரதங்கள் அகப்பட்டன. அவை நரம்பாகு என்று உத்தரவு போடுவதில்லை. தோலாகு என்று சொல்லும் சமிக்ஞையை வழிமறிக்கின்றன, அவ்வளவுதான். அதற்கு 70 வருடம் ஆகியிருக்கிறது. இம்பாக்ட் ஃபேக்டரோ, ஒரு இதழில் முந்தின இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகளுக்கு இந்த வருடம் எத்தனை மேற்கோள் என்று பார்க்கிறது. 70 வருட விஷயத்தை இரண்டு வருட முழக்கோலால் எப்படி அளப்பது?

எட்வர்ட் லூயிஸ் என்ற அமெரிக்க மரபியலாளரும் அப்படித்தான். 1940-களிலேயே பழ ஈயின் ஒரு மரபணுத் தொகுதியைப் பிடித்துக்கொண்டவர், அதையே பல பத்து ஆண்டுகள் துருவிக்கொண்டிருந்தார். இரண்டு இறக்கை இருக்க வேண்டிய ஈக்கு நான்கு இறக்கை வரும் விசித்திரம் எதனால் என்பதுதான் அவர் விடாத கேள்வி. எல்லாவற்றையும் திரட்டி எழுதிய பெரிய கட்டுரை வந்தது 1978-ல். நோபல் 1995-ல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேற்கோள் எண்ணும் கணினிக்கு, எதற்காக மேற்கோள் காட்டினார்கள் என்று தெரியாது. 2014 ஜனவரியில் ஜப்பானிலிருந்து ஸ்டாப் செல்கள் பற்றி இரண்டு கட்டுரைகள் நேச்சர் இதழில் வந்தன. சாதாரணச் செல்லை அமிலத்தில் கொஞ்ச நேரம் வைத்தாலே எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய குருத்தணு போல ஆகிவிடும் என்றார்கள். வேறு யாருக்கும் அது வரவில்லை, ஜூலையில் இரண்டையும் திரும்பப் பெற்றார்கள். இது தப்பு என்று நிரூபித்து எழுதியவர்களும் அவற்றை மேற்கோள் காட்டித்தானே எழுத முடியும்? எண்ணிக்கையில் அதுவும் சேரும். உண்மையான கண்டுபிடிப்புக்கோ நேர்மாறாக நடக்கிறது. பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டால் அப்புறம் யாரும் மூலக் கட்டுரையைக் காட்டுவதில்லை. ஒழுங்கமைப்பி என்ற சொல்லைத் தேர்வுத் தாளில் எழுதிய மாணவர்கள் எத்தனை ஆயிரம்! அவர்களில் ஹில்டேயின் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணையை நான் குறை சொல்லவில்லை. 1964-ல் யூஜீன் கார்ஃபீல்ட் அதைக் கொண்டுவந்தது, ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போனது என்று தேடிப் போக வழிகாட்டியாக. இம்பாக்ட் ஃபேக்டரும் எந்த இதழை வாங்கலாம் என்று நூலகங்கள் பார்ப்பதற்கு உதவியது. ஆட்களை எடைபோடும் வேலையை அவற்றின் தலையில் கட்டியது பிறகு வந்தவர்கள். எச்-இண்டெக்ஸ் 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்னது. இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் உருவானதே 2012-ல், அமெரிக்காவில் செல் உயிரியலாளர்கள் கூடிய மாநாட்டில். பாதிக்கப்பட்டவர்களே பேசியிருக்கிறார்கள்.

எங்கள் செய்முறை வகுப்பில் அடைகாத்த மூன்றாம் நாள் கோழி முட்டையில் சின்ன ஜன்னல் வெட்டுவோம். வெதுவெதுப்பான உப்புக் கரைசலை இரண்டு சொட்டு விட்டுக் குனிந்து பார்த்தால், மஞ்சள் கருவின் மேல் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்புத் துடிக்கும். அதுதான் இதயம். பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிடுவார்கள் பிள்ளைகள். கடைசி பெஞ்சுப் பையன்தான் எப்போதும் இரண்டாம் தடவை பார்க்க வருவான்.

அடுத்த முறை ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதும்போது அந்த ஜன்னலைத் திறந்து காட்டுங்கள். அவர் எதற்காகக் காத்திருந்தார், எத்தனை கரு செத்தது, பிழைத்ததில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். இடம் மிஞ்சினால் மேற்கோள் எண்ணிக்கையையும் போடுங்கள். சென்ற இதழில் வந்த அந்த விஞ்ஞானி என்ன கண்டுபிடித்தார் என்பதையும் அடுத்த இதழில் அரைப் பக்கமாவது எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை,
கும்பகோணம்