கடைசி வயலுக்கு இறங்கிப் போனேன்

மடிப்பாக்கம், சென்னை

அன்புள்ள கயல்,

நானும் அம்மாவும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். போனில் நீ "பாலி எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டாய். "நல்லா இருந்தது" என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். மனசில் இருந்தது அப்போது வாயில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கோயில், கடற்கரை எல்லாம் அம்மா சொல்லியிருப்பாள். நான் சொல்ல நினைத்தது ஜாதிலுவி வயல்களைப் பற்றி. பத்துக்காரு மலைச்சரிவில், சுமார் 700 மீட்டர் உயரத்தில், படிப்படியாக நெல். சில படிகள் நம் வீட்டு ஹால் அகலம்கூட இல்லை. அதிலும் வரப்பு செதுக்கி நாற்று நட்டிருக்கிறார்கள். எல்லோரும் மேலே நின்று போட்டோ எடுத்தார்கள். என்னைக் கால் கீழேதான் இழுத்தது. கடைமடைக்காரர் பிள்ளை இல்லையா, கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றியது. வந்திருந்தது. கணுக்கால் அளவு நின்றது.

உனக்குத் தாத்தாவை அவ்வளவாக நினைவிருக்காது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நம் நிலம் காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தாலும் நம் வாய்க்காலுக்கு வர நாளாகும். சில வருஷம் வராமலே போகும். மேலே யாராவது மடையை அடைத்துவிடுவார்களோ என்று தாத்தா ராத்திரியெல்லாம் லாந்தரும் மண்வெட்டியுமாகக் கரையில் உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்திருப்பேன்.

அங்கே ஓரிடத்தில் வாய்க்காலின் குறுக்கே ஒரு கட்டை கிடந்தது. அதில் இரண்டு வெட்டு, ஒன்று அகலம், ஒன்று குறுகல். தண்ணீர் அதில் விழுந்து தானாகவே இரண்டாகப் பிரிந்து போனது. நிலத்தின் அளவுக்குத் தகுந்தபடி வெட்டுவார்களாம். வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார், வண்டி ஓட்டி வந்த தம்பி எனக்குப் புரியும்படி சொன்னான். காவலுக்கு ஆளே இல்லை, கயல். அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே வாய்க்காலில் பாயும் உழவர்கள் சேர்ந்த சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். ஏறக்குறைய ஆயிரம் வருஷப் பழக்கம். 2012இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. தலைவரை பெகாசே என்கிறார்கள். நம் ஊரில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி மாதிரி என்று வைத்துக்கொள். ஆனால் யார் எப்போது நடுவது, எப்போது வயலைச் சும்மா போடுவது என்பதையும் அவர்கள் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள்.

சரி, மேலே இருப்பவர் எதற்காகத் தண்ணீர் விட வேண்டும்? எனக்கு இதுதான் பெரிய பாடம். எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அறுத்து, வயலைக் கொஞ்ச நாள் சும்மா போட்டால், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு இரை கிடைக்காது, அடங்கிவிடும். கீழே தண்ணீர் இல்லாமல் பிந்தி நட்டால் அங்கே பெருகும் பூச்சி மேல் வயலுக்கும் வரும். கீழ் வயலை நனைப்பது மேல் வயலுக்கும் காப்பு. 1970களில் அரசாங்கத்தில் புது ரகங்களைக் கொடுத்து, முறை பார்க்காமல் தொடர்ந்து நடச் சொன்னார்கள். புகையான் பெருகி விளைச்சலை அழித்தது. பிறகு ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானுடவியலாளர் கணினியில் கணக்குப் போட்டு, சுபாக்குகள் கூடும் நீர்க்கோயில்கள் வகுத்த பழைய முறையே நல்லது என்று காட்டினார். தாத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு மேல்மடைக்காரரிடம் இதைப் பேசியிருப்பார்.

வயலுக்குத் தண்ணீர் நுழையும் மூலையில் அவர்களின் நெல் தெய்வமான தேவி ஸ்ரீக்குச் சின்ன மாடம். ஓலையில் முடைந்த தட்டில் பூவும் கொஞ்சம் சோறும் வைத்திருந்தார்கள். உன் அப்பாயி விதைப்புக்கு முன்னால் சாணிப் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகி வைப்பாள். அவள் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

ஊர் திரும்பியதும் மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாம் மாடியிலேயே மூன்று நாள் இருந்தோமே, நினைவிருக்கிறதா? கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு. இதுவும் படிப்படியாக இறங்கும் தண்ணீர்தான். வழியை அடைத்து வீடு கட்டினோம். நம் வீட்டு மனையும் ஒரு காலத்தில் வயல். அதை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது.

அப்புறம், ஒரு சேதி. ஜாதிலுவியில் சிவப்பரிசிச் சோறு சாப்பிட்டோம். அவர்கள் பழைய ரகம், ஆள் உயரத்துக்குக் கிட்ட வளருமாம், அறுப்புக்கு ஐந்தாறு மாதம் ஆகுமாம். வந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். இந்தச் சம்பாவில் ஒரு மா நிலத்தில் மாப்பிள்ளைச் சம்பா போடச் சொல்லியிருக்கிறேன். மேல்மடைக்காரர் பேரனிடமும் அவனே போய்ப் பேசி, இரண்டு வீடும் ஒரே வாரத்தில் நடுவதாக முடிவாகியிருக்கிறது.

தை மாதம் அறுப்பு. மெல்போர்னில் உனக்கு அப்போது கோடை விடுமுறைதானே? வந்துவிடு. இந்த முறை டிக்கெட் நான் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா