‘கேஜ்’ என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல் போதாது

தொழிற்பயிற்சி நூல்களைத் தமிழில் ஆக்கும் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும், அதாவது மோட்டாருக்குள் செப்புக் கம்பிச் சுருள் சுற்றும், பட்டறை நடத்துகிறேன். புளியரையிலிருந்தும், மலைக்கு அப்பால் ஆரியங்காவிலிருந்தும் பிள்ளைகள் தொழில் பழக வருகிறார்கள். அவர்களிடம் நான் பார்த்த தமிழ்ப் பாடக்குறிப்பு ஒன்றில், ‘gauge’ என்ற ஆங்கிலச் சொல்லான கேஜ் வருமிடமெல்லாம் ‘அளவி’ என்றே இருந்தது. இதனால் நேரும் குழப்பத்தைத் தங்கள் முன் வைக்கவே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இச்சொல்லை அறியாதவர் இல்லை. புனலூர் மலைப்பாதையில் ஓடிய மீட்டர் கேஜ் ரயில் 2010-இல் நிறுத்தப்பட்டு, 2018-இல் பிராட்கேஜாகத் திரும்பி வந்தது. அங்கே கேஜ் என்பது இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடைப்பட்ட தூரம், 1,000 மி.மீ. இருந்தது 1,676 ஆயிற்று. எண் கூடினால் அளவும் கூடும் என்ற இந்த எண்ணத்தோடுதான் பிள்ளைகள் செப்புக் கம்பியைக் கையில் எடுக்கிறார்கள்.

கம்பியிலோ கணக்கு தலைகீழ். கம்பியை அச்சுத் துளைகளில் அடுத்தடுத்து இழுத்து மெலிதாக்கிய பழைய முறையில், இழுப்பு கூடக்கூட எண்ணும் கூடியது என்று பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். பிரிட்டிஷ் கம்பி அளவுமுறையில் (SWG) 22 கேஜ் கம்பியின் விட்டம் 0.711 மி.மீ., 24 கேஜ் 0.559 மி.மீ. மட்டுமே. பெரிய எண் தடித்த கம்பி என்று நம்பி, ஒரு பையன் 22-க்குப் பதில் 24-ஐச் சுற்றிவிட்டான். கம்பியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்ததால், சூடு தாங்காமல் அந்த மோட்டார் புகைந்துபோயிற்று. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘அளவி’ என்ற சொல்லில், அது வெறும் வரிசை எண் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை.

டயருக்குக் காற்றுப் பிடிக்கும் இடத்தில் கேஜ் என்றால் கருவி. மழைமானி போல அதை அழுத்தமானி எனலாம். அது 30 பி.எஸ்.ஐ. காட்டும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த முழு அழுத்தம் 44.7 அளவில் இருக்கும் என்பதையும் நூல் சொல்ல வேண்டும். முழு அழுத்தத்தை எடுக்க வேண்டிய வாயு விதிக் கணக்குகள் இங்கேதான் பிழையாகின்றன. சிறு இடைவெளியைப் பார்க்கும் மெல்லிய தகடான பீலர் கேஜும், துளைக்குள் நுழைத்துப் பார்க்கும் கேஜும் வேறு வகை. அவற்றில் முள் இல்லை. நுழைகிறதா இல்லையா என்பதுதான் விடை. அவற்றை ‘மானி’ என்பதும் பொருந்தாது.

ஆகவே பாதை அகலம், கம்பி எண், அழுத்தமானி, சரிபார்ப்புக் கருவி என்று இடத்துக்கேற்ற சொல்லை ஆளுமாறும், பட்டறையில் வழங்கும் ‘கேஜ்’ என்ற சொல்லை அருகிலேயே தருமாறும், கம்பி எண் வருமிடங்களில் எல்லாம் மில்லிமீட்டர் அளவையும் அச்சிடுமாறும் வேண்டுகிறேன். நூல் அச்சேறுமுன் அந்தப் பக்கங்களைக் காயில் கட்டுபவரிடமும் லேத் ஓட்டுபவரிடமும் கொடுத்து ஒருமுறை படிக்கச் செய்யுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
காயில் பட்டறைத் தொழிலாளி, செங்கோட்டை