வீட்டிலிருந்து வேலை: தோழிக்கு ஒரு கடிதம்

பாவூர்சத்திரம்

அன்புள்ள தோழிக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். குழந்தை குப்புற விழத் தொடங்கிவிட்டாள் என்று நீ எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இனிமேல் கட்டிலில் தனியே விடக் கூடாது என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்கள்.

மகப்பேறு விடுப்பு முடிய இன்னும் சில வாரங்களே இருக்கின்றன, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகத்துக்கே திரும்புவதா, வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்பதா என்று நீ கேட்டிருந்தாய். இத்தனை ஆண்டுகளாக அப்படி வேலை செய்துவரும் நான் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தாய். இரண்டு நாளாக மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியதற்குச் சற்று முன்பு மடிக்கணினியோடு ஊர் வந்து சேர்ந்தவள் நான். அதற்கு முன்பு எங்கள் குடும்பம் எப்படி இருந்தது என்பதை நீ அறிவாய். என் கணவர் தென்காசிப் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர், நான் சென்னையில் விடுதி அறையில், பையன் இங்கே அம்மாவிடம். பொதிகை விரைவு வண்டியில் முன்பதிவு கிடைத்தால்தான் எனக்குப் பிள்ளையின் முகம். இன்று அவன் பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றும்போது நான் வீட்டில் இருக்கிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, மதியம் வேலை தொடங்குமுன் அவர் கையைப் பிடித்துத் திண்ணையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கவைப்பது என் பொறுப்பாயிற்று. முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தவர் இப்போது வாசல் வேப்பமரம் வரை தடியூன்றிப் போய்வருகிறார். இந்த ஒன்றுக்காகவே வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு நான் நன்றியுடையவள். சென்னை வாடகை மிச்சம், பேருந்தில் கழியும் நேரம் மிச்சம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆனால் வேலை வீட்டுக்குள் வந்தால், தனக்குரிய இடத்தில் மட்டும் உட்கார்ந்துகொண்டிருக்காது. எங்கள் வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருப்பதால் அவர்களுடைய காலை ஒன்பது மணிக் கூட்டம் நமக்கு மாலை ஆறரை மணிக்கு வரும். நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்போது அதே கூட்டம் ஏழரைக்குத் தள்ளிப்போய்ப் பையன் சாப்பிட உட்காரும் நேரத்தில் வந்து விழும். கூட்டம் முடிந்தாலும் வேலை முடிவதில்லை. அரட்டைச் செயலியில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கிறது. சில நிமிடங்கள் விசைப்பலகையைத் தொடாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வருவதற்குள் "இருக்கிறீர்களா?" என்று கேள்வி வந்து நிற்கும். அலுவலகத்தில் தேநீர் குடிக்க எழுந்து போனால் யாரும் கணக்குக் கேட்டதில்லை. வீட்டில் இருப்பவள் மட்டும் தான் வேலையில்தான் இருக்கிறேன் என்பதை நாள் முழுவதும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பிரான்சில் 2017 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. போர்ச்சுகலில் 2021இல், வேலை நேரத்துக்கு வெளியே ஊழியரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று முதலாளிகளுக்கே விதி செய்தார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லாததால், நம் எல்லையை நாமேதான் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது அம்மாதான். தகவல் தொழில்நுட்பத்தில் இருக்கும் நாம், வீட்டிலிருந்து வேலை என்பது 2020இல்தான் பிறந்தது போலப் பேசுகிறோம். பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார்கள். அம்மாவும் நான் கல்லூரி முடிக்கும்வரை பீடி சுற்றியவர்தான். முதல் நாளே இலையை நனைத்து வைப்பார்கள். காலையில் சமையலை முடித்துவிட்டு, தகட்டு அளவை வைத்து இலையைக் கத்தரித்து, சுளவு என்னும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், புகையிலைத் தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைக் கட்டும் வரை கண் கையின் பக்கம் போகாது. கை அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், வாய் எங்களுக்குப் பாடம் ஒப்பிக்கச் சொல்லும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மாலையில் பீடிக் கடைக்குக் கொண்டுபோனால், சரியில்லை என்று அங்கே சரிபார்க்கும் செக்கர் ஒதுக்கும் கழிவுக்குக் காசு கிடையாது. கடையில் தந்த இலை பற்றாமல் போனால் கைக்காசு போட்டு வாங்கி ஈடுகட்ட வேண்டியதும் சுற்றுகிறவள்தான்.

அந்தத் தொழிலில் உடம்புக்கு நேரும் கேடும் கூலிக் குறைவும் நமக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றைக் கவனி. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்காக 1966இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றுக்கொண்டது. அம்மாவின் கையில் வேலைக் கணக்கு எழுதும் பாஸ்புத்தகம் இருந்தது, வருங்கால வைப்பு நிதி இருந்தது. அந்தப் பணத்தில்தான் என் கடைசி ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினோம். அந்த உரிமைகளுக்காக இந்தப் பக்கத்துப் பெண்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள். வீட்டில் செய்யும் வேலைக்கென்றே சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. மெத்தப் படித்த நாம், வீட்டிலிருந்து வேலை என்பதை நிறுவனம் நமக்குக் காட்டும் சலுகையாக எண்ணி, அதற்கு ஈடாக நேரத்தையும் செலவையும் வாய் பேசாமல் ஏற்றுக்கொள்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அம்மா, எத்தனை கட்டு கொடுத்தோம், எவ்வளவு வரவாயிற்று என்பதைப் பாஸ்புத்தகத்தில் நாள்தோறும் சரிபார்த்துத்தான் வீடு திரும்புவார்கள்.

வீட்டில் இருக்கும் பெண்ணின் வேலையை யாரும் வேலையாக எண்ணுவதில்லை என்பதும் அம்மாவுக்கு நன்றாகப் புரிகிறது. பகலில் உறவினர் யாராவது வந்தால், "வீட்டுலதானம்மா இருக்கே, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்று என்னைக் கல்யாண வீட்டுக்கோ துணிக்கடைக்கோ கூப்பிடுவார்கள். என் கணவர் சனிக்கிழமை வீட்டில் இருந்து விடைத்தாள் திருத்தினால், தெருவில் விளையாடும் பிள்ளைகளைக்கூடச் சத்தம் போடாமல் விளையாடச் சொல்கிறார்கள். நான் வேலை செய்யும்போது எரிவாயு உருளை வந்தால் கதவைத் திறப்பதும் நான்தான். இது அவருடைய குறையன்று, கேட்டால் செய்கிறவர்தான். ஆனால் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் பெற வேண்டும் என்பதே ஒரு தனி வேலை.

செலவைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஆடிக் காற்றில் மரக்கிளை விழுந்து இணையக் கம்பி அறுந்தால், அதை இழுத்துக் கட்ட ஆள் வரும்வரை கைப்பேசி இணைப்புதான். மின்வாரியத்தின் பராமரிப்பு நாள்களுக்காக இன்வெர்ட்டரும் புதிய பேட்டரியும் வாங்கினோம். இரண்டு மாதக் கணக்கில் மின்சாரம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால், கோடையில் குளிர்சாதனத்தைப் போடுவதா வேண்டாமா என்று நான் மீட்டரைப் போய்ப் பார்க்கிறேன். இவையெல்லாம் அலுவலகத்தில் நிறுவனம் ஏற்ற செலவுகள். உனக்குச் சென்னையில் இந்தத் தொல்லை குறைவாக இருக்கலாம், ஆனால் இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் உனக்கென்று ஓர் அறை இருக்கிறதா என்பதை முதலில் பார்.

அறையைப் பற்றி வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் ஷாங்காயில் ஒரு பயண நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் ஒன்பது மாதம் சோதித்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது, வேலையை விட்டு விலகுவோர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. எல்லோரும் எடுத்துச் சொல்வது இந்த இரண்டைத்தான். அந்தச் சோதனையில் சேரத் தனி அறை வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததையும், அவர்கள் வாரத்தில் ஒரு நாள் அலுவலகம் வந்ததையும், செய்த வேலைக்குத் தக்க பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்காமல் போனதையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்பினார்கள்.

தனிமையைவிட என்னை வருத்துவது புதிதாகச் சேர்பவர்களின் நிலை. என் குழுவில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். கெட்டிக்காரி. ஆனால் நிரலில் ஒரு பிழையோடு மூன்று நாள் தனியே போராடிக்கொண்டிருந்தாள், யாரிடம் கேட்பது என்று தெரியாமல். நாம் சேர்ந்த காலத்தில் பக்கத்து இருக்கை அண்ணனின் திரையை எட்டிப் பார்த்தே பாதி வேலையைக் கற்றுக்கொண்டோம், நினைவிருக்கிறதா? வாடிக்கையாளர் கோபப்பட்டால் என்ன குரலில் பதில் சொல்வது என்பதை யாரும் நமக்கு வகுப்பெடுக்கவில்லை, காதில் விழுந்துதான் தெரிந்துகொண்டோம். இப்போது தினமும் மதியம் ஒரு மணி நேரம் அழைப்பைத் திறந்து வைத்துவிட்டு இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கிறோம். தோன்றும்போது கேட்கிறாள். பயன் இருக்கிறது, ஆனாலும் பக்கத்து நாற்காலிக்கு அது ஈடாகாது. எங்களுக்கு அருகிலேயே மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் பல ஆண்டுகளாக அலுவலகம் நடத்திவருகிறது. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வண்டியில் போய்வருகிறார்கள். வீடும் அருகில், வேலை கற்பிக்க மனிதர்களும் எதிரில். இளையவர்களுக்கு அதுவே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி உன் விஷயம். 2017இல் மகப்பேற்று நலச் சட்டத்தைத் திருத்தியபோது, விடுப்பை 26 வாரமாக உயர்த்தியதோடு, வேலையின் தன்மை இடம்கொடுத்தால் விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனம் அனுமதிக்கலாம் என்றும் சேர்த்தார்கள். "அனுமதிக்கலாம்" என்பதுதான் அதில் உள்ளது. காலமும் நிபந்தனைகளும் இரு தரப்பும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டியவை. அதனால் நீ கேட்பதை வாய்ச் சொல்லாக விட்டுவிடாதே, எழுத்தில் வாங்கு. அதே திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றும் சொன்னது. நீ வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் காப்பகம் உனக்குப் பயன்படாது. குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்துவிடலாம் என்று உன் மேலாளரும் நினைப்பார், வீட்டிலும் நினைப்பார்கள். தவழத் தொடங்கிய குழந்தையை வைத்துக்கொண்டு ஓர் அழைப்பைக்கூட ஒழுங்காகப் பேசி முடிக்க முடியாது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உன் மாமியார் வந்து தங்குவார்களா, சம்பளத்துக்கு ஆள் வைப்பாயா என்பதை முடிவுசெய்த பிறகே கடிதம் எழுது.

என்னைக் கேட்டால், முழுவதும் வீட்டிலிருந்து என்று கேட்காமல், வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மற்ற நாள் வீடு என்று கேள். குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை என்று காலத்தையும் குறிப்பிடு. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை நீ அழைப்புக்குக் கிடைப்பாய் என்பதையும், இணையச் செலவையும் நாற்காலியையும் நிறுவனம் தருமா என்பதையும், அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் வீட்டிலிருந்த காலம் உனக்கு எதிராக எண்ணப்படாது என்பதையும் அதில் எழுது. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதே. பத்தாண்டுக்கும் மேல் அவர்களுக்காக இரவு பகல் பாராமல் உழைத்தவள் நீ. அந்த இரண்டு நாளையும் சக ஊழியர்களோடு மதிய உணவு சாப்பிடக்கூடிய நாள்களாகத் தேர்ந்தெடு. போய்த் தனி அறையில் அழைப்பில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதற்காக அவ்வளவு நெரிசலில் போக வேண்டியதில்லை.

கடிதத்தின் வரைவை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு முறை காட்டு. மேலாளர் என்ன சொன்னார் என்பதையும் உடனே எழுது. மறுத்தால் அடுத்து யாரிடம் பேசலாம் என்பதை இருவருமாக யோசிப்போம். சாரல் காலத்தில் குழந்தையோடு இங்கே வந்து பத்து நாள் தங்கு. மாடி அறையை உனக்கு ஒழித்துத் தருகிறேன், வேலை நேரத்தில் குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
உன் தோழி