டான்ஸ் மாஸ்டருக்கும் ஒரு ஆஸ்கர்: அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் ஆளுநர் குழுவினருக்கு,

வணக்கம். 2027 முதல் வெளிவரும் படங்களில் ஸ்டன்ட் மாஸ்டர்களுக்கும் ஆஸ்கர் உண்டு என்று அறிவித்திருக்கிறீர்கள். ரொம்பத் தாமதம்தான், ஆனாலும் சந்தோஷம். செய்தியைப் படித்ததும் எனக்குப் பழைய ஹாலிவுட் நடன நட்சத்திரம் எலினார் பவல் ஞாபகம் வந்தது.

‘பிராட்வே மெலடி ஆஃப் 1940’ படத்தில் அவரும் நடன நடிகர் பிரெட் அஸ்டேரும் ஆடும் கடைசி நடனத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளக்கும் தரை. கேமரா அவசரமே படாமல், தலை முதல் கால் வரை தெரியும்படி இருவரோடும் நகர்ந்துகொண்டே போகும். பவல் சுழன்று நிற்பார். பாவாடை ஒரு கணம் கழித்துத்தான் அடங்கும். அஸ்டேரோடு ஆடிய பெண்களில் அவரையே விரட்டி ஆடவைத்தவர் இவர்தான் என்பது என் கட்சி.

தன் ‘டாப்’ (tap, காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும்) நடனங்களைப் பெரும்பாலும் தானே அமைத்துக்கொண்டவர் பவல். ‘லேடி பி குட்’ (1941) படத்தில் ஒரு நாயோடு ஆடுவாரே, அந்த நாயைப் பழக்கியதும் அவரேதான். 1943இல் நடிகர் கிளென் ஃபோர்டைக் கல்யாணம் செய்துகொண்டு படங்களை ஏறக்குறைய விட்டுவிட்டார். 1982இல் காலமானார். உங்கள் சிலை ஒன்றுகூட அவர் வீட்டுக்குப் போகவில்லை.

நடன அமைப்புக்குப் பரிசே இருந்ததில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. 1935, 1936, 1937 படங்களுக்கு மூன்றே முறை கொடுத்தீர்கள், அப்புறம் நிறுத்திவிட்டீர்கள். முதல் பரிசு டான்ஸ் மாஸ்டர் டேவ் கூல்டுக்கு. பவலை நட்சத்திரமாக்கிய ‘பிராட்வே மெலடி ஆஃப் 1936’ படமும் அந்தப் பரிசில் சேர்த்தி. ஆனால் பரிசு பெற்றது பவலின் ஆட்டம் அல்ல, ஜூன் நைட்டும் ராபர்ட் டெய்லரும் வரும் பாட்டு! பிற்பாடு அஸ்டேர், ஜீன் கெல்லி, ஓனா வைட் என்று நடனக் கலைஞர்களுக்கு அவ்வப்போது ஒரு கௌரவ ஆஸ்கர் கொடுத்துச் சமாளித்தீர்கள். ஜிஞ்சர் ராஜர்ஸ் கதை இன்னும் வேடிக்கை. அஸ்டேரோடு அத்தனை படங்களில் ஆடியவருக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது, நடனப் படமே அல்லாத ‘கிட்டி ஃபாயில்’ படத்துக்கு.

2028இல் உங்கள் நூறாவது விழா. ஸ்டன்டுக்குத் திறக்கும் கதவை நடனத்துக்கும் திறந்துவிடுங்கள். விதிகளை எழுதும்போது மறக்காமல் ஒரு வரி: தன் அடவைத் தானே அமைத்து ஆடுகிறவரின் பெயரும் பரிந்துரைப் பட்டியலில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய படப் பைத்தியம் ஒருவன்