குழந்தைகளோடு கப்பலேறும் குடும்பத்துக்கு எந்த அறை? டெல்டா மாவட்டச் சுற்றுலா முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சொகுசுக் கப்பல் பயணங்களைப் பதிவு செய்து தரும் முகவர் பெருமக்களுக்கு வணக்கம்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியது முதலே நம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கடல் சுற்றுலாவில் நாட்டம் கூடியிருக்கிறது. திருச்சியிலிருந்து நேரே சிங்கப்பூருக்கு விமானமேறி, மரினா பே துறைமுகத்தில் கப்பலைப் பிடித்து, பினாங்கு, புக்கெட் வரை போய்த் திரும்புகிறவர்களும் பெருகி வருகிறார்கள். சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்து, பள்ளிக்கூடம் மூடி, ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறப்பதற்குள் கிடைக்கும் அந்த இடைவெளியில்தான் இவர்களில் பலர் உங்கள் அலுவலகப் படியேறுகிறார்கள். அவர்களிடம் நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு தொகையும் ஒரு வரியும்தான்: நான்கு பேருக்கு ஒரு கேபின், சாப்பாடு உட்பட. அந்தக் கேபின் கப்பலில் எங்கே இருக்கிறது, அதற்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது, நான்காவது படுக்கை எப்படிப்பட்டது என்பதையெல்லாம் குடும்பத்தினர் கதவைத் திறந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள். முன்பணம் வாங்கும் முன் குழந்தைகளின் வயதைக் கேளுங்கள். கப்பலின் தள வரைபடத்தை மேசையில் விரித்து, அறை எண்ணைத் தொட்டுக் காட்டுங்கள். அதன் பிறகு பணத்தை வாங்குங்கள். இதைக் கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

இந்த வேண்டுகோளுக்குக் காரணமான ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். என் உறவில் ஒரு தம்பதி, நான்கு வயது மகளையும் ஒன்றரை வயது மகனையும் அழைத்துக்கொண்டு, பையனின் அப்பத்தாவையும் உடன் கூட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். அவர்களுக்கு விற்கப்பட்டது கேரண்டி கேபின் என்ற வகை. அறையின் தரம் மட்டும் உறுதி, எந்த அறை என்பதைக் கப்பல் நிறுவனம் புறப்பாடு நெருங்கும்போது தன் வசதிக்கேற்ப ஒதுக்கும் என்பதே அதன் பொருள். விலை குறைவு என்பது உண்மை. இரண்டு நண்பர்கள் போவதாக இருந்தால் நானே அதைப் பரிந்துரைப்பேன். இந்தக் குடும்பத்துக்கோ, தம்பதிக்கு ஒரு தளத்திலும் அப்பத்தாவுக்கு மூன்று தளம் தள்ளியும் அறை விழுந்தது. தம்பதியின் அறை இரவு நடன அரங்குக்கு நேர் மேலே இருந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்த அப்பத்தா, இரவில் பேரன் அழுதால் லிஃப்ட் பிடித்து வர வேண்டியிருந்தது. முகவர் பொய் ஏதும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கப்பலில் இடம் பார்த்து உட்காரும் வழக்கம் நம் ஊருக்குப் புதிதன்று. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ராஜூலாவில் அறை இல்லாமல் தளத்திலேயே தங்கும் டெக் பயணிகளாகவும், அதற்குப் பின் எம்.வி. சிதம்பரத்திலும் போய் வந்த பெரியவர்கள் நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் இருந்தார்கள். பாய் விரிக்க எந்த இடம் நல்லது, எங்கே சாரல் அடிக்கும், எங்கே இயந்திரச் சூடு ஏறும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. 1985இல் எம்.வி. சிதம்பரத்தில் தீ விபத்து நேர்ந்த பிறகு அந்தப் போக்குவரத்தோடு அந்த அறிவும் நம் வீடுகளில் அற்றுப்போனது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய கப்பலில் சில மணி நேரம் இருக்கையில் அமர்ந்து போகிறோம். அங்கே அறையைப் பற்றிய கேள்வியே எழாது. ஆகவே இன்றைக்கு அந்த அறிவைத் தர வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம். பேருந்தின் கடைசி இருக்கையில் குழந்தையை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்த நாம், கப்பலின் முன்முனையான அணியத்திலோ பின்முனையான அமரத்திலோ அறை விழும்போது அதைப் பற்றி யோசிப்பதில்லை. அலையில் கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது இரு முனைகளும் அதிகம் அசைகின்றன. பக்கவாட்டில் சாயும்போது மேல் தளங்கள் அதிகம் ஊசலாடுகின்றன. எனவே நீளவாக்கில் நடுவிலும், உயரத்தில் கீழ்ப்பகுதியிலும் அமைந்த அறைகளில்தான் ஆட்டம் குறைவு. பயணத்தில் குமட்டல் வருவது இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அதிகம். கைக்குழந்தைகளுக்கு அது அரிது. தொடுவானத்தைப் பார்த்தால் குமட்டல் தணியும் என்பதால், அந்த வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஜன்னல் உள்ள அறை வெறும் அழகுக்காக மட்டுமன்று.

ஆனால் எல்லா வழித்தடத்துக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலத்தால் காக்கப்பட்ட கடல். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போகும் பெரிய கப்பலில் ஆட்டம் பெரும்பாலும் தெரியவே தெரியாது. அந்தப் பயணத்துக்கு நடு அறைதான் வேண்டும் என்று கூடுதல் பணம் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். அங்கே இரைச்சலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து வங்கக் கடலில் போவதோ திறந்த கடற்பயணம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று நாகை, வேதாரண்யம் மக்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அரையாண்டு விடுமுறைக்குச் சென்னைக் கப்பல் கேட்டு வருகிறவர்களிடம் நடுப்பகுதியின் கீழ்த்தள அறையைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

இரைச்சலைக் கண்டுபிடிக்க வரைபடம் ஒன்றே போதும். பார்க்க வேண்டியது அறை இருக்கும் தளத்தை மட்டுமன்று, அதற்கு மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும்தான். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே அறை இருந்தால், விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசை தலைக்கு மேல் கேட்கும். பகல் முழுவதும் ஓட்டமும் இசையும் ஓயாது. குழந்தை பகலில் தூங்குகிற நேரமும் அதுதானே. அரங்கம், நடனக்கூடம், சமையற்கூடம் ஆகியவற்றை ஒட்டிய அறைகளையும் தவிர்க்கலாம். முன்பகுதியின் மிகக் கீழ்த் தளத்தில், காலையில் துறைமுகம் சேரும்போது நங்கூரச் சங்கிலியும் பக்கவாட்டு உந்து விசைப்பொறிகளும் எழுப்பும் சத்தம் பெரியவர்களையே எழுப்பிவிடும். மேலும் கீழும் வேறு பயணிகளின் அறைகளே இருக்கும் தளம்தான் குழந்தை உள்ளவர்களுக்கு உத்தமம்.

அடுத்தது படுக்கை. நான்கு பேர் தங்கும் அறை என்றால் நான்கு கட்டில்கள் போட்ட அறை என்று நம் மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கீழே இரண்டு படுக்கைகள் மட்டுமே இருக்கும். மூன்றாவது, விரித்துப் போடும் சோபா. நான்காவது, சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கிவிடும் மேல் படுக்கை. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை மேல் படுக்கையில் படுக்க வைக்கக்கூடாது என்பது அடுக்குக் கட்டில்களுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாதுகாப்பு விதி. சிறு பிள்ளைகள் இருவர் இருந்தால் தந்தையோ தாயோ ஏணியேறித்தான் படுக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டியை அந்த அறையில் நான்காவது ஆளாகச் சேர்ப்பது எப்படி? கைக்குழந்தைக்குத் தொட்டில் கிடைக்கும், ஆனால் எண்ணிக்கை குறைவு. பதிவு செய்யும் போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும். தொட்டிலையும் விரித்த சோபாவையும் போட்டால் நடக்க இடம் மிஞ்சுமா என்பதற்கு அறையின் சதுர அடியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். அறையில் படுக்கை காலியாக இருந்தும் கூடுதல் ஆளைச் சேர்க்கக் கப்பல் நிறுவனம் சில சமயம் மறுப்பதுண்டு. அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகுகளில் இடம் நிரம்பிவிட்டது என்பதே காரணம். இந்த விவரத்தைச் சொல்லிவிட்டால், குழந்தையின் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று யாரும் அலட்சியமாக இருக்கமாட்டார்கள்.

பால்கனி அறையைத்தான் நீங்கள் ஆவலோடு விற்கிறீர்கள். கடலைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்கும் படம் யாருக்கும் ஆசையூட்டும். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுக் கப்பல் பாதுகாப்புச் சட்டம் தடுப்பின் உயரம் 42 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்கிறது. நின்றுகொண்டிருக்கும் குழந்தைக்கு அது போதுமான உயரம். ஆனால் பால்கனியில் நாற்காலியும் சிறு மேசையும் இருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறத் தெரியும். கதவின் தாழ்ப்பாள் உயரத்தில் இருக்கிறதா, நாற்காலிகளை அகற்றித் தருவார்களா என்று விசாரித்துச் சொல்லாமல் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பால்கனியை விற்காதீர்கள். திறக்க முடியாத ஜன்னல் உள்ள அறையே அவர்களுக்குப் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஜன்னலை உயிர்காப்புப் படகு மறைக்கும் அறைகளும் உண்டு. விலை குறைந்திருந்தால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூட்டுக் குடும்பமாக வருகிறவர்களுக்கு, நடுவே கதவு வைத்த இரண்டு உள்ளறைகளை, அதாவது ஜன்னல் இல்லாத அறைகளைப் பற்றி நீங்கள் பேசுவதே இல்லை. முதல் இருவருக்கு முழுக் கட்டணம், மூன்றாவது நான்காவது ஆளுக்குக் குறைந்த கட்டணம் என்பதால் ஒரே அறைதான் மலிவு என்று கணக்குப் போடுகிறீர்கள். நான்கு பேருக்கான பால்கனி அறையின் தொகையையும் இரண்டு உள்ளறைகளின் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பல தேதிகளில் இரண்டும் நெருங்கியே வரும். இரண்டு குளியலறைகள் கிடைக்கும், தாத்தாவும் பாட்டியும் விளக்கணைத்து உறங்கலாம், பிள்ளைகள் கதவைத் தாண்டி இங்கும் அங்கும் வந்து போகலாம். பதிவில் ஒவ்வோர் அறையிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்பதையும், அடுத்தடுத்த அறை வேறு, நடுக்கதவு உள்ள அறை வேறு என்பதையும் மட்டும் தெளிவாக்கிவிடுங்கள். உள்ளறையில் பகலும் இரவும் ஒரே இருட்டுதான். பயப்படும் பிள்ளைக்குச் சிறு இரவு விளக்கு எடுத்துப் போகச் சொன்னால் போதும்.

குளியலறையில் பெரும்பாலும் ஷவர்தான், தொட்டி இராது. பல கப்பல்களில் ஆறு மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்பதில்லை. டயப்பர் கட்டும் குழந்தையைப் பொது நீச்சல் குளத்தில் பெரும்பாலும் இறக்க விடமாட்டார்கள். இவையெல்லாம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய செய்திகள்.

பாதுகாப்புப் பயிற்சியையும் அறையோடு சேர்த்தே சொல்லுங்கள். 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா கப்பல் கவிழ்ந்த பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று உலகக் கடல் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் அளவுக்கேற்ற லைஃப் ஜாக்கெட் கப்பலில் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. அறைக்குள் போனதும் அது இருக்கிறதா, இல்லையெனில் எங்கே தருவார்கள் என்று பணியாளரிடம் கேட்கும்படி பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் பதிவுப் படிவத்தில் பயணியின் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் கேட்கிறீர்கள். அதனுடன் ஒவ்வொரு குழந்தையின் வயது, தள எண், அறை எண், மேலும் கீழும் இருப்பவை, ஒவ்வொருவருக்கும் உரிய படுக்கை என்ற ஐந்து இடங்களைச் சேர்த்து, நிரப்பிய பிரதி ஒன்றைக் குடும்பத்தாரிடம் கொடுங்கள். கேரண்டி கேபின் விற்றால் அறை எண் இருக்க வேண்டிய இடத்தில் அதையே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். வரும் கோடைக்கான பதிவுகள் பொங்கல் முடிந்ததும் தொடங்கிவிடும். படிவத்தை அதற்குள் அச்சடித்துவிட முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் விரும்பும்
மன்னார்குடி வாசி ஒருவர்