வேலூர் பைக் ரைடர்ஸ் சங்கம்: செயலாளரோட ஆண்டறிக்கை

சங்கத்து அண்ணன் தம்பிங்க எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுல படிச்சதுதான், ஆனா அன்னிக்கு வந்தவங்க ரொம்ப கொஞ்சம், அதனால எல்லாருக்கும் அனுப்பறேன், வராதவங்க கண்டிப்பா படிங்க.

பொங்கலுக்கு வள்ளிமலை ரைடு. ஆடில அமிர்தி. காட்பாடில இருந்து கோட்டை வரைக்கும் ஹெல்மெட் ஊர்வலம். ரத்ததானம் வழக்கம்போல நல்லபடியா முடிஞ்சுது.

இந்த வருஷம் நான் முன்ன நின்னு நடத்தினது "எந்த ரோடு, எந்த வண்டி" நாள். ரைடுக்கு வராதவங்க யாரு யாருன்னு பாத்தா பாதி பேர் ஆசைப்பட்டு பெரிய வண்டி எடுத்துட்டு, ஓட்ட வசதிப்படாம கவர் போட்டு நிறுத்தி வச்சிருக்காங்க, தவணை மட்டும் மாசாமாசம் போவுது. அதான் உறுப்பினருங்க வண்டியையே கொண்டாரச் சொல்லி பாலாத்து மணல்லயும் மேட்டுலயும் மாத்தி மாத்தி ஓட்ட வச்சோம். காகிதப்பட்டறை தம்பி ஒருத்தர் ஹிமாலயன் 450 தான் வாங்கறதுன்னு முடிவோட வந்தாரு. சீட் உயரம் 825 மில்லிமீட்டர், எடை 196 கிலோ, மணல்ல நின்ன இடத்துல கால் நுனிதான் தரைய தொட்டுது, வண்டி ஒரு பக்கம் சாஞ்சதும் ரெண்டு பேர் ஓடிப்போய் புடிச்சாங்க. அதே தம்பி எக்ஸ்பல்ஸ் 200ல ஏறுனாரு, சீட் கிட்டத்தட்ட அதே உயரம்தான், ஆனா எடை 160 கிலோவுக்குள்ள, அதனால சாஞ்சாலும் அவரே நிமித்திட்டாரு. ரெண்டுலயும் முன் சக்கரம் 21 இஞ்ச், கல்லு பள்ளத்துல ஏறி இறங்க அதுதான் சௌகரியம்.

ஏலகிரிக்கு கதை வேற. 14 கொண்டை ஊசி வளைவுலயும் கீழ் ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் மெதுவா சுத்தறப்பவே, நல்லா இழுக்கற வண்டிதான் சுகம், கிளாசிக் 350 அங்க அருமை, 4000 ஆர்பிஎம்லயே 27 என்எம் டார்க், அதாவது முழு இழுவை, வந்துடும், அடிக்கடி கியர் மாத்த வேணாம். ஆனா அதுக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வண்டி அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, 170 மில்லிமீட்டர்தான், ஜமுனாமரத்தூர் தாண்டி மண் பாதைல விட்டீங்கன்னா அடியில தட்டும். ஆலங்காயத்துல இருந்து காவலூர் ஏறறவங்க டியூப்லெஸ் டயரான்னு (உள்ள டியூப் இல்லாதது, பஞ்சர் ஆனாலும் காத்து சட்டுன்னு இறங்காது) பாத்து வாங்குங்க, மலை மேல பஞ்சர் கடைய தேடி அலைய முடியாது. தினம் ராணிப்பேட்டை வேலைக்கு பெங்களூர் ஹைவேல போயி வர்றவருக்கு இதெல்லாம் எதுக்கு, மைலேஜும் நல்ல பிரேக்கும் இருந்தா போதும், ஸ்ப்லெண்டர் வச்சிருக்கறவரு யாருக்கும் கொறைஞ்சவரு இல்ல. வருஷத்துல முக்காவாசி நாள் எந்த ரோட்டுல ஓட்டறீங்களோ அதுக்குத்தான் வண்டி, ஒரு தடவ போற லடாக்குக்கு இல்ல.

இவ்ளோ ஏற்பாடு பண்ணியும் வர்றேன்னு பேர் குடுத்தவங்கள்ல பாதி பேர் வரல, போன் கூட எடுக்கல, வாங்கி வச்ச சாப்பாடு மீந்து போச்சு. சந்தாவும் அப்டித்தான். 2019ல மாவட்டம் மூணா பிரிஞ்சதுல இருந்து திருப்பத்தூர் பக்கத்து ஆளுங்க "இது எங்க மாவட்டமா"ன்னு கேக்கறாங்க, ஏலகிரி ரைடுன்னா மட்டும் மொத ஆளா வந்து நிக்கறாங்க. ரெண்டு வருஷ பாக்கி வச்சிருக்கவங்க பேர் என்கிட்ட இருக்கு, இங்க போட மனசு வரல.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியா போச்சு, பேனர், டீ, முதலுதவி பெட்டி போக கையிருப்பு கொஞ்சம்தான், விவரம் பொருளாளர்கிட்ட இருக்கு. தலைவருக்கும் பொருளாளருக்கும் வண்டி குடுத்து உதவுன எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் புதுசா வண்டி வாங்கற தம்பிங்க பணம் கட்றதுக்கு முன்னாடியே ஓட்டிப் பாக்கற மாதிரி மூணு மாசத்துக்கு ஒரு தடவ இத நடத்தணும். ஆரணி ரோடு பக்கம் காலி மனை இருக்கறவங்க ஒரு ஞாயித்துக்கிழமைக்கு குடுத்தா போதும். பொறுப்ப பகிர்ந்துக்க ரெண்டு பேர் முன்வந்தா நான் இன்னொரு வருஷம் இருக்க தயார், இல்லன்னா வேற யாராச்சும் எடுத்து நடத்துங்க. சந்தா பாக்கிய மாசக் கடைசிக்குள்ள பொருளாளர்கிட்ட குடுத்துட்டு மறக்காம ரசீது வாங்கிக்கோங்க.